மாதிரி ‘ஆ’வில் கண்ட குறைகள்

‘பாஸ்கம் தாத்தா புகைக்கூடம்’ என்ற உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே லீமன் பார்ன்ஹில்லை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குற்றம், உடம்பில் புகை வாடை.

கிளை மேலாளர் ட்ரெவருக்கு இருபத்தெட்டு வயது. நல்ல பிள்ளை. சொல்லச் சங்கடப்பட்டுக்கொண்டு, கையேட்டின் நூற்றுப் பதினாலாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினான். ஊழியர்கள் மேல் வியர்வை, வெங்காயம், சிகரெட், அங்கீகரிக்கப்படாத புகை ஆகிய நான்கும் வீசக் கூடாது என்று அதில் அச்சடித்திருந்தது. குளித்துவிட்டு வரும்படி கேட்டுக்கொண்டான். லீமன் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தார். கொல்லையில் இருந்த பன்றி சுடும் கொட்டகையை அவர் மூடிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் முப்பத்துநாலு வருஷம், ஓக், ஹிக்கரி விறகு எரித்துத் தணல் தள்ளிய உடம்பு. இதற்கு மேல் சுத்தமாக வேண்டுமென்றால் தோலைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

அன்று மத்தியானம் மனைவி ஆர்லீத்தா அவரைக் குளியல் தொட்டியில் உட்கார வைத்து வினிகரும் சோடா உப்பும் போட்டுத் தேய்த்தாள். நாற்றப்பூனை பீய்ச்சிய நாயைக் கழுவுகிற மாதிரி தக்காளிச் சாற்றையும் ஒரு டப்பா ஊற்றினாள். நான்கு தேய்ப்புக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள்.

“முப்பத்துநாலு வருஷம் இந்த நாத்தத்த ஒரே படுக்கையில வச்சுக் குடும்பம் நடத்தியிருக்கேன்,” என்றாள். “அவங்களுக்கு ஒரு மணி நேரம் முடியலையாக்கும்.”

அவளுடைய மூச்சுக்காகத்தான் இத்தனையும். கொட்டகையில் தணல் தள்ளுவது லீமன் வேலை. வெந்த பன்றியைக் கொத்துவது ஆர்லீத்தா வேலை. அடுப்புக்கு ஐந்தடி தள்ளி மரக்கட்டை போட்டு, இரண்டு கைக்கும் இரண்டு கொத்துக்கத்தி வைத்துக்கொண்டு நிற்பாள். தணல் வாடை முழுக்க அவள் பக்கம்தான் அடிக்கும். போன வருஷம் நுரையீரல் மருத்துவர் படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டி, இனி ஒரு நாள்கூடப் புகையில் நிற்கக் கூடாது என்றார். அந்த வாரமே லீமன் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார். அவளைக் கேட்டுப் போடவில்லை. மூச்சு என்னுடையது, அதைப் பற்றி நீ யார் முடிவெடுக்க என்று அவள் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாதாமாதம் ஏற்ற வேண்டிய மருந்து ஒன்றும், தோளில் மாட்டிக்கொள்கிற ஆக்சிஜன் பொறி ஒன்றும் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார் மருத்துவர். காப்பீடு இல்லாமல் இரண்டையும் கண்ணால்தான் பார்க்கலாம்.

பாஸ்கம் தாத்தா கம்பெனி தொண்ணூறு நாள் கழித்து ஊழியருக்கும் மனைவிக்கும் மருத்துவக் காப்பீடு கொடுத்தது. ஒரு நிபந்தனை. அந்தத் தொண்ணூறு நாளுக்குள் ஊழியர் ‘அசல்தன்மைச் சான்றிதழ்’ தேர்வுகளில் தேறியிருக்க வேண்டும். தேறாதவருக்குக் காப்பீடும் இல்லை, வேலையும் இல்லை. வட கரோலினாவின் கிழக்குப் பக்கத்தில், ஐந்தாறு ஊர்க்காரர்கள் பன்றி தின்பதற்கென்றே வண்டி கட்டிக்கொண்டு வந்த ஒரு மனிதருக்கு, பன்றியைத் தணலில் வாட்டும் பார்பக்யூவில் சான்றிதழ் வாங்குவது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. அதுதான் அவர் செய்த தவறு.

புகைக்கூடம் புறவழிச் சாலையில், டயர்க் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. வாசலில் விறகு அடுக்கியிருந்தது. விறகுகளை ஒன்றோடொன்று பசை போட்டு ஒட்டி, மேலே சங்கிலியும் போட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் சுவர்களுக்குக் கரி பூச வேண்டும். கரி, டின்னில் வந்தது. டின்னில் ‘அறுபது வருடப் பழமை, அடர்த்தி நடுத்தரம்’ என்று போட்டிருக்கும். கதவைத் திறந்ததும் காலடியில் ஒரு இயந்திரம் குளிர்ந்த வெள்ளை மூட்டத்தை ஊதும். குழந்தைகள் அதில் குதித்து விளையாடும். இறைச்சி மூன்று மாநிலங்களுக்கு அப்பாலுள்ள ஆலையில் வெந்து, பையில் அடைபட்டு வந்தது. பையை வெந்நீரில் போட்டு எடுத்து, ஏழாம் எண் பாட்டிலிலிருந்து நான்கு சொட்டு விட்டுக் கிளறினால் அது புகையில் வாட்டிய பன்றி. அடுப்பு மணி அடிக்கும்போதெல்லாம் ஊழியர்கள் அத்தனை பேரும் செய்கிற வேலையை விட்டுவிட்டு, “புகை ஏறுது தாத்தா” என்று ஒரே குரலில் கத்த வேண்டும். லீமன் வந்த இரண்டாம் வாரம், யாரோ பன் ரொட்டியைக் கருக விட்டதில் நிஜமாகவே கொஞ்சம் புகை ஏறியது. அபாய மணி அடித்து, கூரையிலிருந்து தண்ணீர் கொட்டி, எல்லாரையும் வாகன நிறுத்தத்தில் கொண்டுபோய் நிறுத்தித் தலை எண்ணினார்கள். ‘வளாகத்தில் உண்மையான புகை எழுந்த வருந்தத்தக்க சம்பவம்’ என்று தலைமையகத்துக்கு அறிக்கை போயிற்று.

எழுத்துத் தேர்வில் ஐம்பது கேள்விகள். பன்றி வெந்துவிட்டது என்பதை எப்படி அறிவீர்கள் என்று ஒரு கேள்வி. மணி அடிப்பதால், விளக்கு எரிவதால், இரண்டாலும் என்று மூன்று விடைகள் கொடுத்திருந்தார்கள். லீமன் மூன்றையும் இரண்டு தடவை படித்துவிட்டு, ஓரத்தில், தொடை எலும்பைத் திருகினால் சதையில்லாமல் கையோடு வரும் என்று எழுதினார். எவ்வளவு நேரம் புகையில் இருக்க வேண்டும் என்பதற்கு, பத்துப் பன்னிரண்டு மணி நேரம், மழை நாளில் இன்னும் ஒன்று என்று எழுதினார். சரியான விடை நான்கு நிமிடம். ஐம்பதுக்குப் பதினொன்று வாங்கினார். தாளின் கீழே, ‘இவருக்குப் பார்பக்யூ குறித்த அடிப்படை அறிமுகம் தேவை’ என்று எழுதி வந்தது.

செய்முறைத் தேர்வு இன்னும் மோசமாகப் போயிற்று. பையிலிருந்து கொட்டிய இறைச்சியைப் பார்த்ததும் ஏதோ குறைவதாக அவருக்குப் பட்டது. அந்தப் பக்கத்தில் பன்றித் தோலை மொறுமொறுவென்று சுட்டுக் கொத்தி இறைச்சியோடு கலக்காமல் யாரும் தட்டு வைக்க மாட்டார்கள். அலமாரியில் பொரித்த தோல் பாக்கெட் ஒன்று விற்பனைக்கு இருந்தது. அதைப் பிரித்து, நொறுக்கி, தூவிவிட்டார். தேர்வாளர் உடனே கையுறை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு உறையில் போட்டு, ‘உணவில் அன்னியப் பொருள்’ என்று எழுதி ஒட்டினார்.

ட்ரெவர்தான் அவரைக் கரையேற்றினான். சாப்பாட்டு இடைவேளையில் கையேட்டை வைத்துக்கொண்டு எதிரே உட்காருவான். “ஐயா, உங்களுக்குத் தெரிஞ்சத எழுதாதீங்க,” என்பான். “கையேட்டுக்குத் தெரிஞ்சத எழுதுங்க.” அறுபத்தோரு வயதில் லீமன் நான்கு நிமிடம், நான்கு நிமிடம் என்று மனப்பாடம் செய்தார். மறுதேர்வில் நாற்பத்தாறு வந்தது, செய்முறையிலும் தேறினார். வீட்டில் சொன்னபோது ஆர்லீத்தா, “எல்லாத்தையும் மறந்துட்டியாக்கும், கெட்டிக்காரன்,” என்றாள்.

இதற்குள் ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. லீமன் கையால் சாப்பிட்டுப் பழகியவர்கள் புகைக்கூடத்துக்கு வர ஆரம்பித்தார்கள். வந்து, தட்டை வாங்கி, ஒரு வாய் தின்றுவிட்டு, நிமிர்ந்து அவரைப் பார்ப்பார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பார்க்கிற பார்வை அது. போகும்போது கையைப் பிடித்து அழுத்திவிட்டு, ஆர்லீத்தா எப்படி இருக்கிறாள் என்று கேட்பார்கள். தட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை. விற்பனை கூடியதைத் தலைமையகம் கவனித்தது. அசல்தன்மைப் பிரிவின் இயக்குநர் திருமதி மெரிடித் ஹால்ஸ்டெட் விமானம் ஏறி வந்து சேர்ந்தார்.

லீமனைக் கம்பெனி வரலாற்றில் சேர்ப்பதென்று முடிவாகியிருக்கிறது என்றார் அவர். அதில் ஒரு சிக்கலும் இருந்தது. சுவரில் தொங்கிய பாஸ்கம் தாத்தா, வைக்கோல் தொப்பியும் நீலக் கண்ணுமாக, 1938-இல் தன்னந்தனியாகப் பன்றி சுட்டவர். லீமனோ கறுப்பர், அதற்குப் பல வருஷம் கழித்துப் பிறந்தவர். இவரை எந்தப் பத்தியில் நுழைப்பது என்று ஒரு குழு மூன்று வாரம் உட்கார்ந்து யோசித்ததாம். உண்மையில் பாஸ்கம் யார், எந்த ஊர் என்று லீமன் மரியாதையாகக் கேட்டார்.

“அப்படி யாரும் கிடையாது, மிஸ்டர் பார்ன்ஹில்,” என்றார் திருமதி ஹால்ஸ்டெட், மறைக்க ஒன்றுமில்லாதவராக. “அதனாலதான் அவர் ஒரு தப்பும் செஞ்சதில்ல. நிஜமா வாழ்ந்தவங்கள வச்சு வரலாறு எழுதினா எப்பவும் ஏதாவது வெளிய வந்துடுது.”

மறு வாரம் தாத்தா படத்துக்கு வலது கீழ்ப்பக்கம், நான்கில் ஒரு பங்கு அளவில், லீமன் படம் மாட்டப்பட்டது. கீழே, ‘தாத்தாவுக்கு விறகு எடுத்துக் கொடுத்த நம்பிக்கையான நண்பர்’ என்று பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தது. அதைக் கேட்ட ஆர்லீத்தா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

“பொறக்கறதுக்கு முந்தியே ஒனக்கு வேல போட்டுக் குடுத்துட்டானே அந்தக் கெழவன்,” என்றாள் மூச்சு வந்ததும். “அன்னையிலேருந்து கணக்குப் பாத்தா காப்பீடு எப்பவோ வந்திருக்கணும்.”

எண்பத்தாறாவது நாள் கடைசித் தேர்வு. சுவைத் தேர்வு என்று அதற்குப் பெயர். கிளையின் பின்னறையில், பட்டப்பகலில், வெள்ளைத் துணி விரித்த மேசையில் இரண்டு காகிதக் கிண்ணங்கள் இருந்தன. ‘அ’ என்று ஒன்று, ‘ஆ’ என்று ஒன்று. ட்ரெவர் சாட்சி. எது அசல் என்று லீமன் சொல்ல வேண்டும். மற்றதன் குறைகளைத் தன் சொந்த வார்த்தைகளில் ஆறு வரிக்குக் குறையாமல் எழுத வேண்டும்.

திருமதி ஹால்ஸ்டெட் தொடங்குமுன் விளக்கம் கொடுத்தார். ஊர் மன்றத்தோடு கம்பெனி சென்ற மாதம் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தது. ‘அசல் பார்பக்யூ நகரம்’ என்று நெடுஞ்சாலையில் பலகை வைக்கும் செலவு கம்பெனியுடையது. பதிலுக்கு, ஊருக்குள் யார் பார்பக்யூ என்ற பெயரில் எதை விற்றாலும் அதைச் சோதித்துச் சொல்லும் பொறுப்பும் கம்பெனியுடையது. ஆகவே லீமன் எழுதப்போவது வெறும் தேர்வுத் தாள் அல்ல. அப்படியே ஊர் மன்றத்துக்குப் போகும் நிபுணர் அறிக்கை.

“எங்க வாங்கினோம்னு சொல்ல மாட்டோம், பாரபட்சம் வந்துடும்,” என்றார். “ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்குங்க. நெருப்புல வர்ற புகை இன்னைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி. மரம் ஈரமா இருந்தா ஒண்ணு, காத்தடிச்சா ஒண்ணு. அத எப்படி அசல்னு சொல்றது? நம்மளது ஐந்நூத்திப் பன்னிரண்டு கிளையிலயும் ஒண்ணே ஒண்ணுதான். மாறாம இருக்கறது எதுவோ அதுதான் அசல். இந்த ஜனங்களுக்கு ஆரம்பத்துல இது புரியாது. சாப்பிட வேற எடம் இல்லாதப்ப தானா புரிஞ்சுடும்.”

ட்ரெவர் மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லீமன் ‘அ’வைத் தின்றார். ஏழாம் எண் பாட்டில். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, வேறு சொல்லவும் ஒன்றும் இல்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு ‘ஆ’வில் முள்கரண்டியை விட்டார். வாயில் வைத்ததும் மெல்வதை நிறுத்திவிட்டார்.

சுட்டது யார் என்பது முதலில் தெரிந்தது. நெபோ மலை தேவாலயத்தின் பின்னால் அந்தச் சபையின் உதவிக்காரர் க்ளீவன் சனிக்கிழமைகளில் கூரை பழுதுபார்க்கும் செலவுக்காகப் பன்றி சுட்டு விற்றுவந்தார். தணலைச் சற்று அவசரப்படுத்துவார், பரவாயில்லை. ஆனால் க்ளீவனுக்குக் கொத்த வராது. அந்த ஊரில் இந்த மாதிரி கொத்த ஒரே ஒரு ஆள்தான் உண்டு. சனிக்கிழமைதோறும் லீமன் வேலைக்குக் கிளம்பியதும், பெண்கள் கூடி மெத்தைவிரிப்பு தைப்பதாகச் சொல்லிவிட்டு ஆர்லீத்தா தேவாலயம் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவள் தலைமுடியில் வினிகர் வாசம் வரும். வேலைக்குப் போகுமுன் தினமும் தன்னைத் தேய்த்துத் தேய்த்து அவள் கையில் ஒட்டிய வாசம் என்று அவர் நினைத்திருந்தார். அவள் புகை வாடை போகத் தன்னையே தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறாள். இரண்டு மாதமாகவா, அதற்கும் மேலாகவா, தெரியவில்லை. நான்கு தேய்ப்புக்கு ஒருமுறை நிற்கிற மூச்சை வைத்துக்கொண்டு, முழுப் பன்றியைக் கொத்தியிருக்கிறாள்.

அந்த வாயை விழுங்குவதற்கு அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. திருமதி ஹால்ஸ்டெட் அதை அருவருப்பு என்று குறித்துக்கொண்டார்.

‘அ’தான் அசல் என்று லீமன் சொன்னார். பிறகு பேனாவை எடுத்தார். இதை எழுதினால் அவளுக்கு மருந்து வரும். இதை எழுதினால் தேவாலயத்து விற்பனை நிற்கும், அவள் புகையில் நிற்பதும் நிற்கும். அவளைக் கேட்காமல் இன்னொரு பூட்டு. எந்தக் காரணத்துக்காக எழுதுகிறோம் என்று பிரித்துப் பார்க்க அவருக்கு அவகாசமில்லை. ஆறு வரி போதும் என்றிருந்தது. அவர் அந்தத் தாளை முடித்துவிட்டு, மிகவும் தாழ்மையாக, இன்னொரு தாள் கேட்டார்.

அதைப் படித்த திருமதி ஹால்ஸ்டெட், இத்தனை நுட்பமாகக் குறை காண்கிற ஒருவரைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்றார். கையெழுத்துக்குப் பதில் எண் கொடுத்தார்கள். நிபுணர் எண் 4417.

காப்பீட்டு அட்டை வந்தது. மருந்தும் வந்தது. ஆக்சிஜன் பொறியைக் கொண்டுவந்தவன் அதைச் சமையலறை மேசையிலேயே வைத்து எப்படி இயக்குவதென்று காட்டிவிட்டுப் போனான். ஒரு பூனை தூங்குகிற மாதிரி அது சத்தம் போட்டது. அடுத்த வியாழக்கிழமை லீமன் வேலை முடிந்து வந்தபோது, ஆர்லீத்தா மூக்கில் குழாயோடு அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஊர் மன்றத்தின் முத்திரை போட்ட உறை இருந்தது. விற்பனையை நிறுத்தச் சொல்லி வந்த கடிதத்தைப் போதகர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பின்னால், லீமன் கைப்பட எழுதிய அறிக்கையின் நகல் இணைத்திருந்தது.

அவர் தொப்பியைக் கழற்றுமுன் அவள் அதை அவர் பக்கம் தள்ளினாள். “கண்ணாடி எங்கேயோ வச்சுட்டேன். நீ படி.”

கண்ணாடி அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. லீமன் உட்கார்ந்து படித்தார்.

‘மாதிரி ஆ-வில் கண்ட குறைகள். ஒன்று. இறைச்சி இயந்திரத்தில் அரைபடவில்லை. இரண்டு கத்திகளால் கொத்தியிருக்கிறது. இடது கத்தி வலது கத்தியை விட ஒரு நொடி பிந்தி இறங்குகிறது. அதனால் ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கம் சாய்வாக இருக்கிறது. இரண்டு. தோலை நீக்கவில்லை. சுண்டுவிரல் நகத்தளவு கொத்திக் கலந்திருக்கிறது. எதுவும் பல்லில் மாட்டவில்லை. எண்ணிப் போட்டதுபோல் ஒவ்வொரு வாயிலும் ஒன்று வருகிறது. மூன்று. தோளையும் தொடையையும் தனித்தனியே கொத்தி, கடைசியில்தான் சேர்த்திருக்கிறது. இதற்கு இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். யாரும் கேட்காமலே அந்த நேரத்தைச் செலவிட்டிருக்கிறது. நான்கு. வினிகரும் மிளகாயும் மேலே ஊற்றவில்லை. கை பொறுக்காத சூட்டில், கொத்தும்போதே விட்டிருக்கிறது. ஐந்து. இதை இன்னொருவரால் இப்படிச் செய்ய முடியாது. ஐந்நூற்றுப் பன்னிரண்டு கிளைகளிலும் முடியாது. இது பெரும் குறை.’

பொறி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஆர்லீத்தா தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“பிந்தியா எறங்குது?”

“ஆமா.”

“எப்பலேருந்து?”

“மொதல்லேருந்தே.”

“முப்பத்துநாலு வருஷத்துல ஒரு வார்த்த சொன்னியாய்யா நீ?” என்றாள். குரலில் கோபம் இருந்ததா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. “தட்டுல வச்சதெல்லாம் தின்ன. கைய நக்கின. எந்திரிச்சுப் போன. இத எழுதறதுக்கு ஒனக்கு அந்தக் கம்பெனிக்காரன் காகிதம் வேண்டியிருந்துச்சு.”

அவள் குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டு, ஐந்தாவதை மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தார். இன்னொரு தடவை கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவர் தாளை மடிக்கப் போனபோது கையை நீட்டித் தடுத்தாள்.

“கீழ இன்னும் ஒரு வரி இருக்கு. அதையும் படி.”

“வேண்டாம் லீத்தா.”

“ஓம் வாயால நான் கேக்கணும். படி.”

லீமன் தாளை விரித்து, மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

“முடிவு. மாதிரி ஆ, பார்பக்யூ அல்ல.”